குப்பன் மகன் மாயாண்டி

என் மாமனாருக்கு அப்பா இரண்டு பேர். ஒருவர் பெற்றவர், பெயர் சங்கிலி. மற்றவர் பெயர் குப்பன். மாங்குளம் சந்தியில் பெட்டிசன் எழுதும் வீரபாகு ஒரு மூட்டை நெல்லையும் ஒரு சேவலையும் வாங்கிக்கொண்டு அந்தக் குப்பனை எங்களுக்கு எடுத்துத் தந்தார்.

எழுபத்தேழுக் கலவரத்தில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்து அடித்து விரட்டியபோது, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தவர்கள் நாங்கள். மாங்குளத்திலிருந்து ஐந்து மைல் உள்ளே போய், காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, இரண்டு ஏக்கரை வயலாக்கினோம். என் மூன்றாவது பிள்ளை அங்கேதான் பாம்பு கடித்துச் செத்தது. வயல் வரம்போரமாகவே புதைத்திருக்கிறோம்.

எண்பத்தொன்றில் அந்தப் பக்கத்துக் காணிகளுக்குப் பெர்மிட் கொடுக்க விசாரணை வைத்தார்கள். இந்த நாட்டுப் பிரஜைகளுக்கு மட்டும்தான் காணி. என் புருஷன் வீரையா பிரஜை என்று காட்ட வேண்டுமானால், அவருடைய அப்பா மாயாண்டி இந்த நாட்டில்தான் பிறந்தார் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வயல் வேறு யாருக்காவது போய்விடும்.

மாமனாருக்கு வம்சப் பெருமை தலைக்கு மேல். என்னைப் பெண் கேட்டு வந்த அன்று என் அப்பாவை அவர் பண்ணிய விசாரணை, எந்தக் கோர்ட்டுக் கச்சேரியிலும் நடந்திருக்காது. தாத்தா எந்த ஊர், எந்தக் கங்காணியோடு வந்தார், யார் வீட்டில் பெண் எடுத்தார் என்று கேட்டுக்கொண்டே போனார். கொள்ளுத்தாத்தா பெயரில் என் அப்பா தடுமாறியபோது, மாமனார் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே கீழே வைத்துவிட்டார். அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு தகரத் துண்டு தொங்கும். அவருடைய அப்பா சங்கிலி அக்கரையிலிருந்து கப்பல் ஏறியபோது நம்பர் அடித்துக் கழுத்தில் கட்டிய தகரம் அது. அப்பா செத்ததும் மூத்த மகன் கழுத்துக்கு வந்தது. ஆடி அமாவாசைக்குச் சாம்பல் போட்டுத் தேய்த்து, சந்தனம் வைத்து, படையலுக்கு நடுவில் வைத்துக் கும்பிடுவார்.

காணி விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. என்ன அத்தாட்சி இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். மாமனார் சட்டைக்குள் கையை விட்டு, காணி உறுதிப் பத்திரத்தையே எடுப்பதுபோல அந்தத் தகரத்தை வெளியே எடுத்தார்.

"ஐயா, இது எங்கப்பா கழுத்துல கவருமெண்டு கட்டுனதுங்க. நம்பரு கூட இருக்குது பாருங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது உங்கட தகப்பன் இந்தியாவில இருந்து வந்ததுக்கு அத்தாட்சி. நீங்கள் இஞ்ச பிறந்ததுக்கு அத்தாட்சி எங்க?"

"அதான் பொறந்து முன்னால நிக்கிறேனுங்களே."

பள்ளிக்கூடமே சிரித்தது. தான் ஏதோ நல்ல பகிடி விட்டதாக நினைத்து மாமனாரும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாற மாதம் இருபதாம் திகதி திரும்ப வருவன். பிறப்புப் பத்திரத்தைக் கொண்டு வாங்கோ, ஐயா. அது இல்லாட்டி என்னால ஒண்டும் செய்ய ஏலாது," என்றார் அதிகாரி. அவரைக் குறை சொல்ல முடியாது.

மறுநாளே மூவரும் வீரபாகுவிடம் போனோம். சந்தியில் ஒரு சைக்கிள் கடைத் தாழ்வாரத்தில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். கடைவாயில் எந்த நேரமும் வெற்றிலைச் சாறு வழியும். அதைப் புறங்கையால் துடைத்து, அதே கையால் கடதாசியைத் தொடுவார். காலடியில் ஒரு ரங்குப் பெட்டி. அதைத் திறந்தார். கட்டுக் கட்டாகப் பிறப்புப் பத்திரங்கள். எல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகள். செவுளைத் தூக்கிக் காட்டும் மீன்காரனைப்போல ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"இந்தா கிடக்கு. மாயாண்டி, ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினைஞ்சு. பேரும் சரி, வயசும் சரி. தகப்பன்ர பேர் மட்டும் குப்பன். தாய் காத்தாயி. அது பெரிய விசயமே?"

"இந்தப் புள்ள எங்கங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வயசில செத்துப்போச்சு. செத்ததை ஒருத்தரும் பதியேல்லை. உங்கட மாமாவுக்கெண்டே விட்டிட்டுப் போயிருக்கு." சொல்லிவிட்டுக் கெக்கட்டமிட்டுச் சிரித்தார். சாறு தெறித்து அந்தப் பத்திரத்தின் மேலேயே விழுந்தது.

சீ, இந்த மனிதரிடம் வந்தோமே என்று இருந்தது. ஆனால் என் மாமனார் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் தூக்கி அடித்தது. பத்திரத்தைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இந்தக் குப்பன் அக்கரையில எந்த ஊருங்க? நல்ல எடந்தானுங்களா?"

"நீங்கள் விரும்பின ஊர், ஐயா," என்றார் வீரபாகு.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் வேலைக்காரர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். லயத்தில் ஒரு குழந்தை பிறந்தால், தோட்டத்து மருந்துக்கடை ஐயா தடித்த புத்தகத்தில் எழுதுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தில் இருக்கும் திகதியைக் கொண்டுபோனால், டவுனில் பிறப்புப் பதிவாளர் பத்திரம் எடுத்துக் கொடுப்பார். மாமனார் பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவளும் வீட்டில் நான் ஒருத்திதான்.

"நான் போயி எடுத்துட்டு வாறேன். அதுக்குள்ள அந்த ஆள் கடதாசிய யாரும் தொடக் கூடாது," என்றேன்.

வீரையா சரி என்றார். "இருவதாந் தேதிக்குள்ள வந்துரு, கமலாட்சி. வயலு போச்சுன்னா நாம எல்லாரும் தெருவுலதான்."

மாங்குளத்தில் ரயில் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, மலைக்குப் போனேன். எங்களை விரட்டிய இடத்துக்கே கையைக் கட்டிக்கொண்டு போய் நிற்பது எவ்வளவு கேவலம் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் லயம் கரிச்சுவராக நின்றது. அந்தச் சுவரில் யாரோ மாட்டைக் கட்டியிருந்தார்கள்.

பழைய புத்தகமெல்லாம் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் ஓர் அறையில் கிடக்கிறது என்றார் தோட்டத்துக் கிளாக்கர். சிங்களவர், இளம் பையன். கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். உள்ளே வௌவால் எச்சம் கணுக்கால் வரைக்கும். செத்த எலி ஒன்று இரண்டு புத்தகங்களுக்கு நடுவே அப்பளமாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. பல புத்தகங்களில் பாதித் தாள் இல்லை, யாரோ சுருட்டுச் சுற்றவோ கடலை மடிக்கவோ கிழித்திருக்கிறார்கள். நாலு தலைமுறையாகக் கொழுந்து கொட்டியவர்களின் பிறப்பையும் இறப்பையும் எலி மூத்திரத்தில் ஊறப் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு நாள் சேலைத் தலைப்பை முகத்தில் கட்டிக்கொண்டு புரட்டினேன். சாப்பிடக் கையைத் தூக்கினால் அந்த நாற்றம் வந்தது.

மூன்றாம் நாள் கிடைத்தது. இங்கிலீசில் எழுதியிருந்ததைக் கிளாக்கர் தன் அரைகுறைத் தமிழில் வாசித்துச் சொன்னார். சங்கிலிக்கும் வடிவம்மாவுக்கும் ஆண் பிள்ளை, மாயாண்டி, ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினான்கு, பங்குனி. அதோடு அவர் நிறுத்தவில்லை. முன் தாள்களைத் திருப்பி, அதே தாய் தகப்பன் பெயரில் இன்னும் ஐந்து பிள்ளைகளைக் காட்டினார். ஐந்துக்கும் நேரே சிவப்பு மையில் இறந்த திகதி இருந்தது. ஒன்று ஒன்பது நாள், ஒன்று நாலு மாதம். காரணம் என்ற இடத்தில் ஐந்துக்கும் ஒரே சொல். "பலம் இல்லே," என்று அதைத் தமிழில் சொன்னார் கிளாக்கர். ஏழு தலைமுறைப் பெயரை வாய் கிழியச் சொல்லும் எங்கள் வீட்டில் இந்த ஐந்து பேரைப் பற்றி யாரும் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

டவுனில் பதிவாளர் கந்தோரில், பத்திரம் பத்தொன்பதாம் திகதி பின்னேரம்தான் கிடைக்கும் என்றார்கள். இருபதாம் திகதிக் காலையில் நான் ஊர் போய்ச் சேர முடியாது. உடனே தபால் கந்தோருக்கு ஓடி வீரையாவுக்குத் தந்தி அடித்தேன். பதிவு கிடைத்துவிட்டது, பத்திரம் கொண்டு வருகிறேன், இன்னொரு நாள் தவணை கேளுங்கள், எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். அங்கிருந்த பெண் அதை இங்கிலீசில் எழுதி, ஒவ்வொரு சொல்லையும் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டு அனுப்பினாள்.

இருபதாம் திகதி மத்தியானம் திரும்பி வந்து படலையைத் திறந்தேன். கறிவாசம் அடித்தது. எங்கள் வீட்டிலிருந்த ஒரே கதிரையில் வீரபாகு உட்கார்ந்து, எங்கள் சேவலின் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தார். வீரையா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது புள்ள," என்றார் வீரையா. "அப்பா சத்தியம் பண்ணிட்டாரு. காணி குடுக்குற பெரியவரு அந்தக் குப்பன் பத்திரத்த வாங்கிக்கிட்டாரு."

"தந்தி வரலியா?"

"வந்துச்சே. ஒண்ணும் கெடைக்கல, வர நாளாகும்னு நீதான அனுப்புன?"

"யாரு அதப் படிச்சது?"

வீரையா கதிரையைப் பார்த்தார். கூரைத் தடியில் செருகியிருந்த தந்தியை நான் எடுத்து வந்து, ஒவ்வொரு சொல்லும் என்ன என்று உரக்கச் சொன்னேன். வீரபாகு எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"இங்கிலிசு கொஞ்சம் கலங்கலாக் கிடந்தது, பிள்ளை. எனக்கு அப்பிடித்தான் விளங்கினது." விரலை ஒவ்வொன்றாக நக்கினார். "இப்ப நீர் அந்தக் கடதாசியைக் கொண்டுபோய்க் காட்டினா, கிழவன் பொய்ச் சத்தியம் பண்ணினது வெளியில வரும். கிழவன் மறியலில, சிறையில கிடக்கவேணும். காணியும் போகும். யோசிச்சு நடவுங்கோ."

கையைக் கழுவி, எங்கள் முற்றத்திலேயே காறித் துப்பிவிட்டு, சைக்கிளில் நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். அந்தச் சோற்றுக் கோப்பையைக் கழுவ எனக்குக் கை வரவில்லை. தூக்கிக் காட்டுக்குள் எறிந்தேன்.

மாமனார் குசினி வாசலில் குந்தியிருந்தார். கழுத்தில் தகரம் இல்லை. கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"தகரம் எங்க மாமா?"

"வீரபாகு ஐயா கழட்டச் சொன்னாரு. கெணத்துல போட்டுட்டேன்." என் கையிலிருந்த பத்திரத்தைப் பார்த்து, "நெசமாவே நம்ம பேரு இருந்துச்சா? படி பார்ப்போம்," என்றார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என் அப்பாவை அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் குனிய வைத்தவர் இவர். கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் படித்தேன். பத்திரத்தைப் படித்தேன். பிறகு நான் எழுதி வந்த தாளையும் எடுத்து, செத்துப்போன ஐந்து பேரையும், அவர்கள் உயிரோடு இருந்த நாட்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஐந்தாவது பெயர் வரும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்கம்மா பேரு போட்டிருக்கா?"

"வடிவம்மான்னு போட்டிருக்கு."

"காலையில பெரியவரு அம்மா பேரு கேட்டாரு. காத்தாயின்னு சொன்னேன். ஒரு தடவதான் கேட்டாரு. ஒடனே சொல்லிட்டேன்." உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒடனே வந்துருச்சு புள்ள, வாயில."

வீரையா என்னைப் பார்க்காமல், "அத அடுப்புல போட்டுரு," என்றார். பத்திரம் வீட்டில் இருந்தால் ஆபத்துதான். எனக்கும் தெரியும். சேவல் வெந்த அடுப்பில் தணல் இன்னும் இருந்தது. இரண்டு நாள் வௌவால் எச்சத்தில் நின்று தேடிய வடிவம்மாவை, அவள் ஆறு பிள்ளைகளோடு அந்தத் தணலில் வைத்தேன். எல்லோர் மேலும் வெறுப்பாக இருந்தது. வீரபாகு மேல், தந்தியை அவரிடம் நீட்டிய புருஷன் மேல், உடனே சொல்லிவிட்ட கிழவர் மேல். என்னைத் தவிர எல்லோரும் கை அழுக்கானவர்கள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆவணியில் அதே பள்ளிக்கூடத்தில் பெர்மிட் கொடுத்தார்கள். முன்னூறு பேர் இருப்பார்கள். அந்த அதிகாரி பெயர்களை வாசித்தார். எங்கள் முறை வந்தது.

"மாயாண்டி வீரையா. தகப்பனையும் வரச் சொல்லுங்கோ, அடையாளம் பாக்கவேணும். குப்பன் மாயாண்டி!"

வீரையா எழுந்தார். மாமனார் எழவில்லை. வாங்குப் பலகையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குப்பன் மாயாண்டி! ஆள் வரேல்லையே?"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கிழவர் வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து வரப்போவது எந்தப் பெயர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வரம்போரத்தில் கிடக்கும் என் பிள்ளை ஞாபகம் வந்தது.

அவர் முதுகில் கையை வைத்துப் பலமாகத் தள்ளினேன்.

"எந்திரிங்க மாமா. உங்களத்தான் கூப்பிடுறாங்க."