வளைந்து சென்ற வீதி

இளவேனிற் கதிரவன் எல்டர்போர்டு நகரின்மேல் மெல்ல எழ, ஆற்றுநீர் பொன்னிறம் பூண, கோயில் மணிக்கூண்டின் நிழல் சந்தைத் திடலைக் கடந்து, செங்கல்லாற் சமைந்த பன்னிரு சிறுமனைகளைத் தீண்டிற்று. முந்நூறு ஆண்டுகட்கு முன்னர், கம்பளி விற்றுப் பெரும்பொருள் ஈட்டிய ஆம்புரோசு வெல்டன் என்னும் வள்ளல், ஏழை முதியோர் தலைசாய்க்க எழுப்பிய அறமனைகள் அவை. என்னே அவன் நெஞ்சு! கூரை தந்ததோடு நில்லாது, அதன்கீழ் வாழ்வோர் எவர்முன்னும் கூனிக் குறுகாதிருக்க ஒரு முறைமையும் வகுத்துச் சென்றான். ஆண்டுதோறும் அவன் நினைவுநாளில் நகரத் தலைவர் தொப்பி களைந்து, அங்கு வாழ்வோருள் மூத்தவரின் கதவைத் தட்டி, உள்ளே வர இசைவு கேட்டல் வேண்டும். இசைவு பெறாதவர் அவ்வாண்டு தலைமைப் பொற்சங்கிலியை அணியலாகாது.

இதுகாறும் மறுத்தார் எவருமிலர். அதனாலன்றோ, அன்பரே, அதனை வெறுஞ்சடங்கென்று எண்ணிய தலைவர் சைலஸ் ஹாக்கின், சந்தை வீதியை நேராக்க அம்மனைகளை இடிக்கப்போவதாக முந்தின வாரம் அறிவித்துவிட்டு, அந்நினைவுநாளில் கூசாமல் வந்து கதவைத் தட்டினார்!

தாழிட்ட கதவின் உட்புறம் நின்றாள், அம்மனைகளில் வாழ்வோருள் மூத்தவளான கெசையா புரூயிட். ஊரார் துணி வெளுத்தே கை காய்த்துப்போன கைம்பெண் அவள். இம்மனை போனால் தெருவன்றி அவளுக்கு வேறு போக்கிடமில்லை.

“கெசையாம்மா, உள்ள வரலாமா?”

“வரக்கூடாது.”

சடங்கு காணக் கூடியிருந்தோர் கதவருகே நெருங்கினர். அந்நேரம் பார்த்து மழையும் தூறத் தொடங்கிற்று.

“என்னம்மா விளையாடுறீங்க? ஊரே பாக்குது!”

“நல்லா பாக்கட்டும். வீட்ட இடிக்க வர்றவருக்கு வீட்டுக்குள்ள என்ன வேலை? உங்க சட்டைய எத்தனை வருஷம் துவைச்சிருக்கேன், இவ்வளவு பெரிய கறைய பாத்ததே இல்லயே!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவரின் வழுக்கையில் மழைநீர் வழிந்தது. கை தன்னையறியாமல் கழுத்துச் சங்கிலியைப் பற்றியது.

“அப்ப தெருவ எப்படித்தான் போடுறது?”

“வளைச்சுப் போடுங்க. வண்டிக்கு என்ன இடுப்பா வலிக்கப் போகுது?”

“சரிம்மா... இடிக்கல.”

“சத்தமா சொல்லுங்க. பக்கத்து வீட்டு ஜாபெஸுக்குக் காது மந்தம்.”

“இடிக்கலம்மா! ஊரறியச் சொல்றேன், இடிக்கவே மாட்டேன்!”

தாழ்ப்பாள் விலகிற்று. “வாங்க, வாங்க. நனைஞ்சுட்டீங்களே பாவம், தலையத் துவட்டுங்க” என்று, தான் வெளுத்த துண்டொன்றை அவர் கையில் தந்தாள் கெசையா. அவள் தலை அவ்வூர் மணிக்கூண்டினும் நிமிர்ந்து நின்றது.

சைலஸ் ஹாக்கின் எழுப்பிய மாளிகை இன்று இருந்த இடம் தெரியவில்லை. அவ்வீதியோ, ஊரெல்லாம் நேரே ஓடிவந்து, வெல்டனின் அறமனைகளை அணுகியதும் பெரியோர்க்கு வழிவிடுவாரைப்போல் ஒதுங்கி, இன்றும் வளைந்தே செல்கின்றது.