டெஸ்பாவின் முதல் சிரிப்பு

என் மகள் டெஸ்பா சிரிக்கவே இல்லை. குறைமாதத்தில் பிறந்தவள். பால் குடித்தாள், அழுதாள், முறைத்தாள். சிரிப்பு மட்டும் வரவில்லை.

அமெரிக்கப் பழங்குடிகளான எங்கள் நவஹோ ஜனங்களிடம், குழந்தை முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தால்தான் மனிதர்களோடு இருக்கச் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். சிரிக்க வைத்தவர் விருந்து போட்டு, குழந்தையின் கையாலேயே எல்லோருக்கும் உப்புக்கல் கொடுக்க வேண்டும். அவருடைய குணம்தான் பிள்ளைக்கு வருமாம். அதனால் என் கொழுந்தன் வெர்னனை, அந்த மகா கஞ்சனை, நான் வாசல்படி ஏறவிடவில்லை.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பெக்குக்கும் எங்கள் ஜனங்களின் பாரம்பரிய வைத்தியர் டெஸ்வுட்டுக்கும் அடுத்தடுத்த அறை. இருவருக்கும் ஏழாம் பொருத்தம். காரணம் உப்பு. டெஸ்வுட்டுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கிடந்ததால் பெக் அவருக்கு உப்பைத் தடை செய்திருந்தாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் பெக்கிடம் போனேன். கண், காது எல்லாம் சோதித்தாள்.

"ஒரு குறையும் இல்லைங்க. சீக்கிரம் பொறந்த பிள்ளை, லேட்டாத்தான் சிரிக்கும். பொறுங்க."

அடுத்த அறையில் டெஸ்வுட் பிரார்த்தனைப் பாட்டைப் பாடி முடித்தார். "இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கா. பொறு தாயி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறு என்று சொல்ல இரண்டு பேர் எதற்கு? பெக்கின் கையைப் பிடித்து இழுத்து வந்து டெஸ்வுட்டின் அறையில் நிறுத்தினேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க! இவ எங்களோட இருப்பாளா, போயிருவாளா?" கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

இருவரும் பதறிப்போய் ஒரே நேரத்தில் குழந்தைமேல் குனிந்தார்கள். மண்டையோடு மண்டை மோதியது. டெஸ்வுட்டின் தொப்பி கழன்று விழுந்தது. உள்ளே ஒளித்து வைத்திருந்த சிப்ஸ் பாக்கெட் பிய்ந்து, அறை முழுக்க உருளைக்கிழங்கு சிப்ஸ் பறந்தது.

"ஐயா! என்னது இது?"

"அது... தொப்பி நழுவாம இருக்கறதுக்கும்மா."

டெஸ்பா கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"மோதினது நீதான் மகளே. விருந்து உன்னோடது."

"சிதறினது உங்க சிப்ஸ்!"

"ரெண்டு பேருமே போடுங்க," என்றேன். என் கண்ணீர் நிற்கவே இல்லை.

டெஸ்வுட் ஆடு அடித்தார். பெக் கேக் கருக்கினாள். வெர்னன் மூக்கு முட்டத் தின்றான். பெக்கின் மடியில் உட்கார்ந்து டெஸ்பா ஒவ்வொருவருக்கும் உப்பு கொடுத்தாள். டெஸ்வுட் கை நீட்டியதும் பெக், "செல்லம், ஒண்ணே ஒண்ணு. அதுவும் பொடிசு," என்று கெஞ்சினாள்.

டெஸ்பா ஒரு பிடி அள்ளி அவர் கையில் கொட்டினாள்.

"பாத்தியா? என்ன தாராள மனசு!" என்று டெஸ்வுட் பூரித்துப்போனார்.

குழந்தை கொடுத்ததை வீணாக்கலாமா? பெக் ஒரே ஒரு கல்லை அவருக்கு விட்டுவிட்டு, மீதியைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். முகம் கோண, கண்ணில் நீர் வழிய மென்றாள். அவளை அண்ணாந்து பார்த்து டெஸ்பா மறுபடியும் சிரித்தாள்.

இனி எனக்குப் பயமில்லை. என் மகள் இங்கேதான் இருக்கப்போகிறாள்.