முன்னால் போய்விட்டாள்

ஹௌரா ஸ்டேஷனில் பெரிய கடிகாரத்துக்குக் கீழே நின்று சுலோசனா ஆட்களை எண்ணினாள். பதினாறு பேர். மறுபடியும் எண்ணினாள். பதினாறுதான். ரயிலுக்கு இருபது நிமிஷம் இருந்தது. பதினேழாவதாக வர வேண்டிய ரோஹிணியைக் காணோம்.

அப்போதுதான் கைப்பேசியில் செய்தி வந்தது. "மாமி, இன்னிக்கு என்னால வர முடியலை. ஆத்துலேர்ந்து யாராவது கூப்பிட்டா நான் உங்களோட இருக்கேன்னு சொல்லிடுங்கோ. ப்ளீஸ். அப்புறமா எல்லாம் சொல்றேன்."

சுலோசனாவுக்குச் சுரீரென்றது. உடனே கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. அதற்குள் யாரோ சாப்பாட்டுப் பொட்டலப் பையைத் தவறான பிளாட்பாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதைத் துரத்திக்கொண்டு ஓடியதில் பதில் எழுத மறந்துபோனது.

சுலோசனாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. ஐந்து வருஷமாக, குளிர்காலத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு காட்டுக்குள் நடக்கக் கூட்டிப் போகிறாள். விடியற்காலை ரயிலில் ஜார்கிராம், அங்கிருந்து வண்டியில் பேல்பஹாரிப் பக்கத்துச் சால் மரக் காடு, பத்து பன்னிரண்டு கிலோமீட்டர் நடை, ராத்திரிக்குள் வீடு. லேக் மார்க்கெட் மெஸ்ஸிலிருந்து புளியோதரைப் பொட்டலம். முதலில் தெரிந்த நாலு தமிழ்க் குடும்பங்கள்தான் வந்தன. பிறகு ஜாதவ்பூரிலிருந்து வங்காளிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

வனத்துறை அனுமதி, உள்ளூர் வழிகாட்டி, முதலுதவிப் பை என்று எல்லாவற்றிலும் சுலோசனா கறார். யானை நடமாட்டம் என்று முந்தின நாள் தகவல் வந்தால் போட்ட திட்டத்தை அப்படியே ரத்து செய்துவிடுவாள். வீட்டு எண் கொடுக்காதவர்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டாள்; தன் எண்ணை அவர்கள் வீட்டுக்கும் கொடுத்துவிடுவாள். காட்டுக்குள் யாரும் தனியாக நிற்கக் கூடாது என்பது இன்னொரு விதி.

ரோஹிணி போன பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்தவள். நாற்பத்து நான்கு வயது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில் வீடு. அதிகம் பேச மாட்டாள், ஆனால் நடை அபாரமான நடை. வெயிலும் மழையும் கழிந்து அக்டோபர் கடைசியில் மறுபடி ஆரம்பித்தபோது பெயர் கொடுத்தாள், வரவில்லை, தலைவலி என்றாள். இப்போது நவம்பரில் இப்படி ஒரு செய்தி.

'என்னை எதுக்கு இதுல இழுக்கறா?' என்று ரயிலில் உட்கார்ந்து பொருமினாள் சுலோசனா. ஜார்கிராமில் இறங்கியதும் காட்டு வேலை அவளை விழுங்கிவிட்டது.

மணி பதினொன்றே முக்கால் இருக்கும். மேட்டின் உச்சிக்கு வந்திருந்தார்கள். வழிகாட்டி லக்கிந்தர் மஹாதோ முன்னால். கடைசி ஆளுக்குப் பின்னால் தீப்தி. ஜாதவ்பூரில் ஆராய்ச்சி மாணவியான தீப்திதான் மூன்று வருஷமாகச் சுலோசனாவின் வலது கை. அந்த மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அதைத் தாண்டி ஓடைப் பக்கம் இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் கிடையாது.

கைப்பேசி அடித்தது. பெயரைப் பார்த்தாள்: 'ரோஹிணி வீடு'.

"மாமி, நான் ஸ்னேகா. அம்மாகிட்ட கொஞ்சம் குடுங்களேன்."

ரோஹிணியின் மகள். பன்னிரண்டாவது படிக்கிற பெண். அப்பா பக்கத்தில் நின்று பேசச் சொல்கிறார் என்று சுலோசனாவுக்கு ஏனோ தோன்றிவிட்டது. யோசிக்கவே இல்லை. வார்த்தை தானாக வந்தது.

"அம்மா முன்னாடி போயிட்டாம்மா. கீழே ஓடைப் பக்கம் சிக்னல் இருக்காது. அரை மணியில பேசச் சொல்றேன்."

"அரை மணியா?" பெண்ணின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "மாமி, அப்பாவுக்கு மூணு நாளா ஜுரம். காலம்பரலேர்ந்து ஈறுல ரத்தமா வர்றது. பக்கத்து ஃப்ளாட் பெங்காலி மாமி, காக்கிமாவும் நானும் நர்ஸிங் ஹோம் கூட்டிண்டு வந்துட்டோம். டெங்குவா இருக்கும்ங்கறா. நேத்திக்கும் இன்னிக்கும் அம்மா என்ன மாத்திரை குடுத்தான்னு டாக்டர் கேட்டுண்டே இருக்கார். அப்பா ஏதோ வெள்ளை மாத்திரைங்கறா, பேர் தெரியலை. அம்மாவுக்குத்தான் தெரியும்."

சுலோசனா அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். அதற்குள் ஸ்னேகா, "சரி மாமி, அரை மணின்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

ரோஹிணியின் எண்ணைப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அரை மணி இருக்கிறதே, அதற்குள் கிடைத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாமே என்ற நப்பாசை. இப்படியே பத்து நிமிஷம் போனது. லக்கிந்தர் வெயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு, இனியும் நின்றால் திரும்ப நேரமாகும், இருட்டுக்கு முன் காட்டை விட்டு வெளியே போயாக வேண்டும் என்றான்.

தீப்தி கிட்டே வந்து, "என்ன ஆச்சு சுலோசனாதி?" என்று வங்காளியில் கேட்டாள்; 'தி' என்றால் அக்கா. சுலோசனா எல்லாவற்றையும் சொன்னாள்.

தீப்தி சுற்றி வளைக்கவில்லை. "இன்னும் எதற்கு ரோஹிணிதியைத் தேடுகிறீர்கள்? அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள்."

"ரோஹிணி என்னை நம்பித்தானே கேட்டாள்?"

"அந்தப் பெண்ணும் உங்களை நம்பித்தானே காத்திருக்கிறாள்?"

சுலோசனா எல்லோரையும் தீப்தியோடும் லக்கிந்தரோடும் அனுப்பிவிட்டு, தான் போட்ட விதியைத் தானே மீறி அந்த மேட்டில் தனியாக ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். பேச்சுச் சத்தம் மெதுவாகக் கீழே இறங்கித் தேய்ந்தது. கடைசியாக ஒரு முறை ரோஹிணியின் எண்ணை முயன்று பார்த்தாள். பிறகு ஸ்னேகாவைக் கூப்பிட்டாள். முதல் பேச்சு முடிந்து இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

முதல் மணியிலேயே எடுத்தாள் ஸ்னேகா. "அம்மா?"

"இல்லைம்மா, நான்தான். அம்மா இன்னிக்கு எங்களோட வரலை. நான் பொய் சொல்லிட்டேன்."

மறுமுனையில் நர்ஸிங் ஹோமின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ பெயர் சொல்லி அழைத்தார்கள்.

"அப்ப எங்கே இருக்கா?"

"தெரியலை. போன் ஆஃப் ஆயிருக்கு. எங்கே போயிருக்கான்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"முன்னாடி போயிட்டான்னு சொன்னேளே மாமி!"

"சொன்னேன். தப்பு. அதை அப்புறம் பேசலாம், இப்போ நான் சொல்றதைக் கேளு. ஆத்துச் சாவி யார்கிட்ட இருக்கு? காக்கிமாகிட்டயா? அவரை உடனே ஆத்துக்குப் போகச் சொல்லு. சமையல்கட்டுல குப்பைக்கூடை இருக்கோல்லியோ, அதைத் தரையில கொட்டிப் பார்க்கச் சொல்லு. அம்மா காலம்பர மாத்திரை குடுத்திருந்தா அட்டை அதுலதான் கிடக்கும். கிடைச்சா போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு."

காக்கிமா ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினாள். வாழைக்காய்த் தோலுக்கும் காப்பிப் பொடிச் சக்கைக்கும் அடியில் காலி அட்டை கிடைத்தது. கணவர் ஜெய்ராமுக்கு உடம்பு வலி என்றால் ரோஹிணி எப்போதும் எடுத்துக் கொடுக்கிற மாத்திரை. டெங்குவில் தொடவே கூடாத மாத்திரை என்றாராம் டாக்டர். அதன் பிறகு ரத்தத்துக்கு ஏற்பாடு, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று வேலைகள் வேகமாக நடந்தன. இதையெல்லாம் ஸ்னேகா துண்டு துண்டாகச் செய்தி அனுப்பினாள். எதிலும் 'மாமி' என்ற வார்த்தை இல்லை.

இரண்டே காலுக்குக் கூட்டம் திரும்பி வந்தது. சுலோசனா எழுந்து பதினாறு பேரையும் எண்ணினாள். மூன்று தடவை எண்ணிய பிறகும் திருப்தி இல்லை.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு நர்ஸிங் ஹோமுக்குப் போனாள். மாடி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் ரோஹிணி உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் புடவையே. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எப்படி இருக்கார்?"

"ரத்தம் நின்னுடுத்து. பிளேட்லெட் இன்னும் ஏறலை. ரெண்டு நாள் போகணும்ங்கறா."

சுலோசனா பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்காமலேயே ரோஹிணி சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு தம்பி, விவேக். குடிக்கிறவன். இரண்டு வருஷம் முன்னால் ஸ்னேகாவின் நடன அரங்கேற்றத்துக்குக் குடித்துவிட்டு வந்து, எல்லோர் முன்னாலும் மேடையில் ஏறி, குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து ஆடினான். அன்றைக்கு ஜெய்ராம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. ஆகஸ்டில் அவனாகவே பாராசாத்துக்கு அப்பால் ஒரு குடி மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்திருந்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறு, பதினொன்றிலிருந்து மூன்று வரை பார்க்கலாம். கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

"அக்டோபர்லயும் அங்கேதான் போனேன் மாமி. காட்டுக்குப் போறேன்னுட்டு நாலு மணிக்கே கிளம்பணுமோல்லியோ, ஸியால்தா ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்ல ஒன்பது வரைக்கும் உட்கார்ந்துண்டிருப்பேன். ஜுரத்தோட இவரை விட்டுட்டுப் போக மனசே இல்லை. ஆனா நான் வரேன்னு அவன் வாரம் பூரா நாளை எண்ணிண்டிருப்பான். உடம்பு வலிக்கறதுன்னார், மாத்திரையைக் குடுத்துட்டு, சாயங்காலம் வந்துடுவோமேன்னு…"

பிறகு சுலோசனாவைப் பார்க்காமலேயே சொன்னாள்:

"ஒண்ணு, முதல்லயே நான் வரலைன்னு சொல்லியிருக்கணும் மாமி. இல்லையா, கடைசி வரைக்கும் நான் அங்கே இருக்கேன்னே சாதிச்சிருக்கணும். ரெண்டையும் பாதிப் பாதி பண்ணிட்டேள்."

சுலோசனாவுக்குக் கோபம் வந்தது. "பொய் சொல்லுங்கோன்னு நீதானே எழுதினே?"

"எழுதினேன். அவர் கேட்டா சொல்லுங்கோன்னுதான். என் குழந்தைகிட்ட சொல்லுங்கோன்னா எழுதினேன்?"

இதற்கு நியாயம் பேசினால் ஜெயித்துவிடலாம். ஆனால் யாரை ஜெயிப்பது?

அறையிலிருந்து ஸ்னேகா வெளியே வந்தாள். சுலோசனாவைக் கண்டதும் நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"அரை மணின்னேளே மாமி, டாக்டர் ரெண்டு தடவை வந்து கேட்டார். அம்மா கூப்பிடுவா, கூப்பிடுவான்னு ரெண்டு தடவையும் சொன்னேன். போன் சார்ஜ் போயிடுமோன்னு காக்கிமாகிட்டகூடக் குடுக்கலை."

"மன்னிச்சுக்கோம்மா."

பெண் தலையை ஆட்டினாள். சரி என்றா, முடியாது என்றா, தெரியவில்லை. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் ஜெய்ராம் வீடு திரும்பினார். அதற்கு அடுத்த நாள் அவரே சுலோசனாவைக் கூப்பிட்டார். குரல் பலவீனமாக, ஆனால் மரியாதையாக இருந்தது.

"உங்க லிஸ்ட் எல்லாம் கரெக்டா இருக்கும்னு கேள்விப்பட்டேன். என் ஒய்ஃப் எத்தனை தடவை வந்திருக்கான்னு சொல்ல முடியுமா?"

சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? "ரெண்டு தடவை. பிப்ரவரி, மார்ச். அக்டோபர்லயும் நவம்பர்லயும் பேர் குடுத்தா, வரலை." பிறகு, சும்மா இருக்க முடியாமல், "அந்த ரெண்டு தடவையும் எல்லாரையும்விட நன்னா நடந்தா" என்றாள்.

"தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டார்.

டிசம்பர் நடைக்குச் சுலோசனா போகவில்லை. தீப்தியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். உடம்பு சரியில்லையா என்று குழுவில் எல்லோரும் விசாரித்தார்கள். ஆமாம் என்று எழுதப் போனவள், அழித்துவிட்டு, மனசு சரியில்லை என்று எழுதினாள்.

ஜனவரி நடுவில் ஒரு மாலை ரோஹிணி கூப்பிட்டாள்.

"போன ஞாயித்துக்கிழமை விவேக்கைப் பார்த்துட்டு வந்தேன் மாமி. சொல்லிட்டே போனேன். 'விவேக்கைப் பார்க்கப் போறேன்'னு ஹால்ல நின்னுண்டு அவர் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"பேப்பரை மடிச்சு வெச்சார். 'ஸ்னேகாவைக் கூட்டிண்டு போகாதே'ன்னார். அவ்வளவுதான். அப்புறம் இன்னி வரைக்கும் பேச்சில்லை. போட்டதைச் சாப்பிடறார், எழுந்து போறார். ஸ்னேகா எங்கே போனாலும் எனக்கு லொக்கேஷன் அனுப்பறா. நான் கேட்கலை. அவளா அனுப்பறா. எதுக்குன்னு புரியறது."

சுலோசனாவுக்கும் புரிந்தது.

"தம்பி எப்படி இருக்கான்?"

"அஞ்சு மாசமாறது, தொடலை. மெலிஞ்சு போயிட்டான்." பிறகு தானாகவே சொன்னாள்: "மாமி, அந்த ரெண்டு தடவை நான் நிஜமாவே சந்தோஷமா இருந்தேன், தெரியுமோ? மார்ச் மாசம் தரையெல்லாம் சருகு. எல்லாரும் பேச்சை நிறுத்தினா கால் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அது போதும்போல இருந்தது."

"பிப்ரவரிக்குப் பேர் எழுதிக்கட்டுமா?"

"எப்படி வருவேன்? இனிமே நான் நிஜமாவே காட்டுக்குக் கிளம்பினாலும் எங்காத்துல யார் நம்புவா?"

"நானே ஆத்துக்கு வந்து, அவர்கிட்டயும் ஸ்னேகாகிட்டயும் சொல்லிட்டுக் கூட்டிண்டு போறேன்."

ரோஹிணி மெதுவாகச் சிரித்தாள். சிரிப்பில் கோபமே இல்லை. சுலோசனாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"வேண்டாம் மாமி. நீங்க வந்து சொன்னா இன்னும் நம்ப மாட்டா."