மற்றவை

பழைய வழக்குக் கட்டுகளைப் பிரித்துக் கணினியில் ஏற்றுவதுதான் அவளுடைய வேலை. நீதிமன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஒரு பேராசிரியர் ஆராய்கிறார். அதற்குத்தான் இத்தனை பாடும். ஒவ்வொரு வழக்குக்கும் 'முடிவு' என்று ஒரு கட்டம் உண்டு. தண்டனை என்றால் ஒன்று. விடுதலை என்றால் இரண்டு. இரண்டும் இல்லையா, மூன்று: மற்றவை. மூன்று போட்டால் அந்த வழக்கு ஆராய்ச்சிக் கணக்கிலேயே வராது. தீர்ப்பே இல்லாததை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்?

ஒரே கட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒருவர் போட்டது மற்றவர் போட்டதோடு பொருந்தாவிட்டால் திரையில் அந்த வரி சிவந்துவிடும். அவளுக்கு ஜோடி எதிர் மேசைக்காரன். பிழை கண்டால் குத்திக் காட்டாமல் விடமாட்டான் என்பதால் அலுவலகமே அவனை ஊசி என்றுதான் கூப்பிடும்.

அன்று மதியம் அவள் கைக்கு வந்தது தம்பியின் கட்டு. பெயரை மறைத்திருந்தார்கள், வழக்கு எண்ணை மறைக்கவில்லை. அந்த எண் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மருந்துக் கடைப் பூட்டை உடைத்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணைக்குக் காத்துக் காத்து, சிறையிலேயே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். கடைசித் தாளில் ஒரே வரி: குற்றம் சாட்டப்பட்டவர் இறந்ததால் வழக்கு முடிக்கப்பட்டது.

அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"எம் புள்ள திருடன் இல்லன்னு எவனாவது ஒருத்தன் எழுதட்டும், அப்புறம் நான் நிம்மதியா கண்ண மூடறேன்" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. மகளுக்கு இந்த வேலை கிடைத்ததிலிருந்து கிழவிக்கு ஒரே நப்பாசை. மகள் செருப்பைக் கழற்றுவதற்குள், "அவன் கேஸு வந்துச்சா?" என்பாள்.

சொந்தக்காரர் கட்டு வந்தால் எழுந்துபோய்ச் சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே விதி. அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டை அழுத்தினாள்.

"வந்துச்சும்மா. விடுதலைன்னு போட்டிருக்கு" என்று அன்று மாலை வீட்டில் சொன்னாள். போட்டது யாரென்று சொல்லவில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகள் விளக்கைப் போட்டுவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

மறுநாள் காலை வரி சிவந்திருந்தது.

"என்னக்கா, செத்தவனுக்குப் போயி விடுதலை குடுத்திருக்கீங்க! ரொம்பத் தாராள மனசுதான் போங்க!" என்றான் ஊசி. அறையே சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "தீர்ப்பு இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்ப மூணுதானே?"

"மூணுதான் சார். கவனிக்கல."

தன் கையாலேயே மாற்றினாள். சிவப்பு போயிற்று. வரியும் போயிற்று. ஊசி அடுத்த கட்டை அவிழ்த்தான்.

மாலை வீட்டுக்கு வந்தபோது, இத்தனை காலமாகப் பெட்டிக்கடியில் கிடந்த தம்பியின் படம் கூடத்துச் சுவரில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்து அம்மாவே மாட்டியிருந்தாள். பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லியாகிவிட்டதாம்.

"ஏண்டி, கம்ப்யூட்டர்ல போட்டது அழிஞ்சு கிழிஞ்சு போயிடாதுல்ல?"

"அழியாதும்மா" என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போனாள்.