சோசம்மாவின் குரல் வீடு திரும்பிய வருடம்

அந்த வருடம் ஓணத்துக்கு மறுநாள், கேரளத்துத் திரையரங்குகளில் கதாநாயகிகள் ஊமையானார்கள். வாய் அசைந்தது, கண்ணீர் வழிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. நாயகனின் வசனமும் கோயில் யானையின் பிளிறலும் வழக்கம்போலக் கேட்டன.

காரணம் திருவல்லாக்காரி சோசம்மா. மலையாளம் தெரியாத வெளியூர் நடிகைகளுக்கெல்லாம் முப்பது வருடமாகப் பின்னணியில் பேசியவள். எழுபதுகளில் கோடம்பாக்கத்தில் அவள் பேச ஆரம்பித்தபோது, நாயகிகள் சிவப்புக் கொடியோடு நிலப்பிரபுவான ஜன்மியின் முற்றத்தில் நின்று உழுத நிலத்தைக் கேட்டார்கள். பிறகு வளைகுடாவுக்குப் போன கணவனை நினைத்து அழுதார்கள். அதற்கும் பிறகு மீசை முறுக்கிய பிரபுக்கள், தம்புரான்கள், நாயகர்களாக வந்தார்கள். எதிர்த்துப் பேசிய பெண் கன்னத்தில் அறை வாங்கினாள், கடைசிக் காட்சியில் மன்னிப்புக் கேட்டாள். ஊரே கைதட்டியது, வீட்டுக்குப் போய் அதையே செய்தும் பார்த்தது. வெட்கங்கெட்ட கைதட்டல்.

அப்படித் தம்புரானாக நடித்த பிரசேனன் ஒலிப்பதிவுக் கூடத்தில் சோசம்மாவின் இடுப்பில் கை வைத்தான். அவள் அறைந்தாள், பத்திரிகைக்காரர்களிடம் சொல்லவும் செய்தாள். தயாரிப்பாளர் குருவிளா வீடு தேடி வந்தார்.

"சோசம்மே, ஒரு மன்னிப்பு கேட்டுடு. இல்லேன்னா இனி ஒருத்தனும் உன்னைக் கூப்பிட மாட்டான்."

"இந்தத் தம்புரான் படத்துலெல்லாம் மைக் முன்னாடி வேற என்னத்தக் கேட்டேன் அச்சாயா? இருந்த மன்னிப்பெல்லாம் தீர்ந்துபோச்சு," என்று சொல்லிவிட்டு அவள் மத்தி கழுவப் போனாள். அன்றுதான் புதியது பழையது எல்லாப் படங்களிலிருந்தும் அவள் குரல் கிளம்பி வீட்டுக்கு வந்தது.

ஊர் கொந்தளிக்கும், தன்னைத் தேடி வரும் என்று காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் சங்கனாச்சேரித் தியேட்டரில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தாள். அரங்கு நிறைந்திருந்தது. பின்னிருக்கைக்காரனைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"மோனே, அந்தப் பொண்ணு பேசுறது உனக்குக் கேக்குதா?"

"அவ பேசினா என்ன, பேசாட்டி என்ன சேச்சி? நம்ம ஹீரோ சேட்டன் பேசுறாருல்ல. கொஞ்சம் குனிங்க, மறைக்குது."

படம் நூறு நாள் ஓடியது. மௌனத்தை இவ்வளவு நுட்பமாக யாரும் கையாண்டதில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள், இயக்குநருக்கு விருது கிடைத்தது. மறு வருடத்திலிருந்து நாயகிக்கு வசனம் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். அதன்பிறகு சோசம்மாவுக்கு வேலை வரவேயில்லை. அவள் சமையலறையில் மட்டும் அந்தப் பழைய படத்துப் பெண்கள் இன்றும் ஜன்மியிடம் நிலம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோ என்று நினைத்து, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆளனுப்புகிறார்கள்.