அப்பாவுக்கு நினைவில்லாத கதை

1.
ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவோடு சண்டை போட்ட கையோடு இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி:

‘அப்பாவுக்கு நினைவு தப்பி மூன்று நாளாகிறது.’

(பொய். அப்பா எதிர்க் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஆஸ்பத்திரிச் சட்டையின் தையலைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் தையற்காரர்.)

2.
நடந்தது இதுதான். அவருடைய நுரையீரல் இனித் தேறாது. அடுத்த முறை மூச்சு முட்டினால் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைப்பதா, வேதனை தெரியாமல் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே விடுவதா, நாளைக்குள் சொல்லுங்கள் என்றார் டாக்டர். “அவரையே கேட்டுடலாமே?” என்றும் சொன்னார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அப்பாகிட்ட போய் சாவைப் பத்திப் பேசுவியா? வாயைக் கழுவு,” என்றாள் அக்கா.

“அப்ப நீயே முடிவு பண்ணு.”

“நானா? குழாய் வேணாம்னா நாலு பேர் என்ன பேசுவாங்க? பொண்ணே அப்பனைக் கொன்னுட்டான்னு சொல்ல மாட்டாங்க? நீ ஆம்பளப் புள்ள, நீ சொல்லு.”*

*எங்கள் வீட்டில் அடுத்த வீட்டுக் கல்யாணம் முறிந்த கதையை விடிய விடியப் பேசுவோம். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் அதன் காதில் விழுந்து வாசலுக்கு வந்துவிடும். இதற்குப் பாசம் என்று பெயர்.

3.
முதல் வரியில் அவருக்கு ஏன் நினைவு தப்பியது என்று இப்போது தெரிகிறது. நினைவில்லாதவரை யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. பெற்ற தகப்பனை என் வசதிக்காக மயக்கத்தில் தள்ளியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அதை அடித்துவிட்டு மறுபடி: ‘எல்லாம் தெரிந்தவராய் அப்பா புன்னகைத்து, “மகனே, என்னை…”’

(அப்பா என்னை ஒருநாளும் ‘மகனே’ என்று கூப்பிட்டதில்லை.)

சற்றுமுன் அவர் நிஜமாகவே மூச்சு வாங்கக் கேட்டது இது: “வெளில என்னடா சத்தம்? என்னைப் பத்தியா?”

“ஒண்ணுமில்லப்பா. ரூம் மாத்துற விஷயம்.”

“துணி குடுத்தவனைக் கேக்காம நான் கத்திரி வெச்சதே இல்லடா.”

நான் தலையணையைத் தட்டிச் சரிசெய்தேன்.

4.
முடிவு ஒன்று, குழாய். முடிவு இரண்டு, வீடு. பிடித்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். படிக்க அழகாகக்கூட இருந்தது. பிறகு பார்த்தால், அக்கா என் தலையில் கட்டியதை நான் உங்கள் தலையில் கட்டுகிறேன். முன்பின் தெரியாத உங்களைக் கேட்கத் துணிந்த எனக்கு, கை நீட்டினால் எட்டுகிறவரைக் கேட்க வாய் வரவில்லை.

ஆகவே இந்தக் கதைக்கு நீங்கள் முடிவு சொல்ல வேண்டாம். நான் பேனாவை மூட வேண்டும்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கால்களை ஒதுக்கி, கட்டிலில் எனக்கு இடம் விட்டிருக்கிறார்.