மருமகனை எழுப்பும் பொய்கள்

என் மருமகன் செல்போன் ரிப்பேர்க்காரன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பூதக்கண்ணாடிக்குள் தலையை நுழைத்துவிட்டால் கூரை இடிந்து விழுந்தாலும் தூசியை ஊதிவிட்டு வேலையைத் தொடர்வான். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு வருகிற புண் போன வருடம் இவனுக்கு உட்கார்ந்தே வந்தது. மாதக்கணக்கில் குப்புறக் கிடந்தான். கடை பூட்டிக் கிடந்தது. இன்னொரு தடவை வந்தால் எலும்பு வரை போய்விடும் என்று நர்சம்மா எச்சரித்திருந்தார். வராமலிருக்க, அடிக்கடி இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருக்க வேண்டும். அதைத்தான் இவன் மறந்துவிடுவான்.

போன மாதம் ஒரு நாள் மகள் புண் ஆறிய இடத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் சிவந்திருக்கிறது என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அலாரம் வைத்தோம். அலறிய போனை ரிப்பேருக்கு வந்தது என்று நினைத்துக் கழற்றி, ஸ்பீக்கரைப் பிடுங்கி, துடைத்து மூடி, சொந்தக்காரன் வருவான் என்று சாயங்காலம் வரை காத்திருந்தான். அது அவனுடைய போன்.

கடைக்குள் குட்டி போட்ட பூனையாய் அலைந்தபோதுதான் கவனித்தேன்: கோபம் வந்தால் கையை ஊன்றி எழும்புகிறான். அவனுக்குக் கோபம் வருவது என் பொய்களைக் கேட்டால் மட்டும்.

பிறகென்ன? என் போனில் ஒரு கொசு தன் அக்காவோடு பேசியதைச் சொன்னேன். எழும்பினான். வாலிபத்தில் ஒரு பாலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்ததைச் சொன்னேன். வாடிக்கையாளர்களும் சேர்ந்து எழும்பினார்கள். சிவப்பு மங்குகிறது, விடாமல் சொல்லுங்கள் என்றாள் மகள்.

இன்று காலை வந்தது வினை. குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த மழையைத் திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னேன். அவன் தலைகூட நிமிரவில்லை.

"இருக்கும் மாமா."

நிலாவுக்குப் பஞ்சர் ஒட்டியதைச் சொன்னேன். அதற்கும் "இருக்கும் மாமா". பழகிவிட்டான். வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். கைவசம் பொய் எதுவும் மிச்சமில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"மாப்ளே, உங்களை மாதிரி வேலைக்காரனை நான் பாத்ததில்ல. என் பொண்ணுக்கு நீங்க வாய்ச்சதுல எனக்கு உள்ளூர ரொம்பப் பெருமை."

இடுக்கி கீழே விழுந்தது. இரண்டு கையையும் ஊன்றி, இதுவரை நான் பார்த்திராத உயரத்துக்கு எழும்பினான்.

"எப்படி மாமா இப்படி வாய் கூசாமப் பொய் சொல்றீங்க?"

"அப்படியே இருங்க மாப்ளே," என்றேன். "இன்னும் இருக்கு."